சிங்கை மரங்கள்: நட்ட கணக்கும் நிலைத்த கணக்கும்

சிங்கப்பூரின் ஊர்ப்பெயர்கள் பலவற்றுள் ஒவ்வொரு மரம் மறைந்து நிற்கிறது. தெம்பனிஸ் என்ற பெயர் தெம்பினிஸ் எனும் வன்மரத்தால் வந்தது. கிராஞ்சி என்பது, புளியைப் போன்ற சதையுடைய கனி தரும் கெராஞ்சி மரத்தின் பெயர். செம்பவாங் வட்டாரத்துக்கும் ஒரு மரமே பெயர் கொடுத்தது. கம்போங் கிளாமுக்குப் பெயர் தந்த கெலாம் மரத்தின் பட்டையைப் படகின் பலகை இடுக்குகளை அடைக்க மக்கள் பயன்படுத்தினர். தீவுக்கு வெளியே நோக்கினும் இதே செய்திதான். பரமேசுவரன் ஒரு நெல்லி மரத்தடியில் இளைப்பாறியதால் மலாக்காவுக்கு அப்பெயர் வந்தது என்பது மலாய் மரபு. பினாங்கு பாக்கு மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயின் தெம்பனிசிலும் கிராஞ்சியிலும் இன்று நடப்பவர், அவ்வூர்களுக்குப் பெயர் ஈந்த மரத்தைத் தேடித்தான் காண வேண்டும். பெயர் நிலைத்தது, மரம் நிலைக்கவில்லை.

ஒரு நகரம் தன் மரங்களை நன்கு பேணுகிறதா என்பதை எதைக் கொண்டு மதிப்பிடுவது? ஆண்டுதோறும் எத்தனை கன்று நடப்பட்டது என்னும் கணக்கே பெரும்பாலும் முன் வைக்கப்படுகிறது. அது எளிய கணக்கு. விழா மேடையில் சொல்வதற்கு ஏற்ற கணக்கு. ஆனால், நட்டவை எத்தனை ஆண்டு நின்றன, அவை வீழ்ந்தபோது அவற்றின் இடத்தைப் பெற எவை ஆயத்தமாக இருந்தன என்பதே உண்மையான கணக்காகும். சிங்கப்பூரின் இரு நூற்றாண்டு வரலாறு இவ்விரண்டு கணக்கிற்கும் உள்ள தொலைவை நன்கு விளக்குகிறது.

நிலைபேறு என்னும் எண்ணம்

‘நிலைபேறு’ என்ற கருத்து இன்று பொருளாதாரத்திலும் அரசியலிலும் அடிபடுகிறது. அதன் பிறப்பிடம் மரமே என்பது பலர் அறியாத செய்தி. ஜெர்மானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியில் சுரங்கங்களை மேற்பார்த்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் என்பவர் 1713ஆம் ஆண்டில் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் விறகும் கட்டையும் அளவின்றித் தேவைப்பட்ட காலம் அது. வளர்வதற்கு மேல் வெட்டினால் காடும் அழியும், அதனை நம்பிய தொழிலும் அழியும் என்று கண்ட அவர், வெட்டும் அளவு வளரும் அளவோடு ஒத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இன்று உலகெங்கும் வழங்கும் நிலைபேற்றுக் கொள்கைக்கு அந்நூல் ஒரு தொடக்கமாகக் கருதப்படுகிறது.

அந்நூல் தோன்றி ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1819இல், ஆங்கிலேயர் சிங்கப்பூரில் தம் வாணிக நிலையத்தை நிறுவினர். தீவின் பெரும்பகுதி அப்போது காடு. தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட கம்பியர்ச் செடியும் மிளகும் அக்காட்டை விழுங்கின. கம்பியர் இலையைக் கொதிக்க வைத்துச் சாறு எடுப்பதற்கு ஓயாது விறகு வேண்டும். ஆதலால் தோட்டத்துக்காக ஒரு முறையும் அடுப்புக்காக மறுமுறையும் காடு வெட்டுண்டது. மண்ணின் வளம் சில ஆண்டுகளில் தீர்ந்ததும் தோட்டக்காரர் அந்நிலத்தைக் கைவிட்டு வேறிடம் சென்றனர். பின்னே லாலான் புல் மண்டிற்று.

பூமலை என்று தமிழர் வழங்கும் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த நத்தானியல் கேன்ட்லி, 1883ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தார். சிங்கப்பூர்த் தீவின் பழங்காட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கே அப்போது எஞ்சியிருந்தது. புக்கிட் தீமா முதலிய காப்புக்காடுகள் அக்காலத்தில் ஒதுக்கப்பட்டன. கார்லோவிட்ஸ் சாக்சனியில் அஞ்சியது இத்தீவில் அறுபத்து நான்கு ஆண்டுகளில் நடந்து முடிந்துவிட்டது.

அங்சானா கற்பித்த முதற் பாடம்

காட்டை இழந்த நகரம் நிழலுக்காகச் சாலையோரத்தில் மரம் நட்டது. சாலைகளை அமைத்த கைகளுள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகளும் பல. அச்சாலைகளுக்கும் கடற்கரைத் திடல்களுக்கும் நிழல் தருவதற்கு மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று நகரங்களிலும் விரும்பப்பட்ட மரம் அங்சானா.

அங்சானா தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. சங்கச் செய்யுட்களில் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாகப் பேசப்படும் வேங்கை மரமும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் மஞ்சட் பூக்களைச் சொரிபவை. அங்சானாவுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. தடித்த கிளையை வெட்டி நட்டாலும் அது வேரூன்றித் தளிர்க்கும். கன்று வளரும்வரை காத்திராமல் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மரத்தை ஒரே நாளில் சாலையோரத்தில் நிறுத்திவிடலாம்.

இவ்வசதியிலேயே ஆபத்தும் இருந்தது. கிளையிலிருந்து பிறந்த மரம் தாய் மரத்தின் மறு படியே ஆகும். தாய்க்கு எந்த நோயைத் தாங்கும் ஆற்றல் இல்லையோ, அது பிள்ளைகள் எவற்றுக்கும் இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை மலாயாவின் நகர்களில் அங்சானா மரங்கள் வாடி மடிந்தன. இலை மஞ்சளித்து உதிர, கிளை காய, முழு மரமும் பட்டுப்போயிற்று. ஒரு மரம் பட்டபின் பக்கத்து மரமும் படும். சோலை போல் நின்ற சாலைகள் வெறுமையாயின.

தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய ஃபுர்ட்டாடோ என்னும் அறிஞர் இந்நோயின் வரலாற்றை ஆராய்ந்து 1935இல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் வெளியிட்டார். ஆகவே செய்தி ஏட்டில் ஏறிவிட்டது. நோய் அடங்கிப்போனமையால், அதனைக் கண்ணாரக் கண்ட தலைமுறையும் மெல்ல மறைந்தது.

தோட்ட நகர்

தன்னாட்சி பெற்ற சிங்கப்பூரின் தலைமை அமைச்சர் லீ குவான் யூ, 1963 ஜூன் 16ஆம் நாள் ஃபேரர் சுற்றுச்சாலையில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967 மே மாதத்தில் சிங்கப்பூரைத் தோட்ட நகராக ஆக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பர் 7ஆம் நாள் முதல் மரம் நடு நாள் கொண்டாடப்பட்டது. நவம்பரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மழைக்காலம் தொடங்கும் மாதமாதலால், நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை வானமே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நடுவதோடு நில்லாமல் பிழைக்க வைப்பதையும் எண்ணிய முடிவு இது.

அக்காலத்தில் வீடமைப்புப் பேட்டைகளும் தொழிற்பேட்டைகளும் அகன்ற சாலைகளும் விரைந்து எழுந்தன. வெயில் தகிக்கும் காங்கிரீட்டுக்கு நிழல் உடனே தேவைப்பட்டது. விரைந்து வளரும் மரங்கள் நாடப்பட்டன. 1876இல் வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த மழைமரம் அவற்றுள் ஒன்று. மாலையில் இலை மடக்கி உறங்குவதால் தமிழர் இதனைத் தூங்குமூஞ்சி மரம் என்றனர். மலாய்க்காரர் ‘ஐந்து மணி’ என்று பெயரிட்டனர். மற்றொன்று, கிளையை நட்டாலே மரமாகும் பழைய அங்சானா. ஏட்டில் இருந்த எச்சரிக்கை ஏட்டிலேயே இருக்க, சாலைதோறும் அங்சானா மீண்டும் வரிசை கொண்டது.

குறுகிய காலத்தில் நகரம் பசுமை பெற்றது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1980களின் தொடக்கத்தில் பழைய வாடல் நோய் திரும்ப வந்தது. இம்முறை அறிவியல் அதன் வேரைக் கண்டுபிடித்தது. நோய்க்குக் காரணம் ஃபுசேரியம் என்னும் பூஞ்சை. சிங்கப்பூரில் மின்னல் மிகுதி. மின்னல் தாக்கி நலிந்த மரத்தில் நோய் முதலில் இடம் பிடிக்கிறது. மரத்தைத் துளைக்கும் சிறு வண்டுகள் அதனைப் பரப்புகின்றன. அருகருகே நிற்கும் ஒரே இன மரங்கள் அதற்கு வழி விடுகின்றன. நோயுற்ற மரங்கள் வெட்டி அகற்றப்பட்டன. நோயைத் தாங்கும் இயல்புடைய அங்சானா வகைகள் ஆய்ந்து தெரிந்தெடுக்கப்பட்டன. ஆய்வு முடிவுகள் 1997இல் வெளியாயின.

ஒரே நகரம், ஒரே மரம், ஒரே நோய், இரு முறை. இடையில் இருந்தது ஏறக்குறைய அறுபது ஆண்டு மறதி. விரைந்த நிழல் வேண்டும் என்ற தேவை நியாயமானதே. ஆயினும் அத்தேவை ஒரே மரத்தின் மேல் சாய்ந்ததே பிழை.

அறிஞர் வகுத்த அளவுகோல்கள்

இப்பிழை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. எல்ம் மரங்களைச் சாலைதோறும் நட்டு மகிழ்ந்த மேனாடுகளும் இதனைச் செய்தன. எல்ம் நோயின் கடுமையான வகை 1960களின் இறுதி முதல் பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம்களைக் கொன்றது. அமெரிக்க நகரங்களில் அதற்கு முன்பே முழு வீதிகளும் நிழலிழந்தன.

அந்த இழப்பிலிருந்தே அளவுகோல்கள் பிறந்தன. அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் சான்டமோர் 1990இல் ஓர் எளிய விதியைச் சொன்னார். ஒரு நகரின் மரங்களுள் எந்த ஓர் இனமும் நூற்றுக்கு 10க்கு மேற்படலாகாது. எந்தப் பேரினமும் 20க்கு மேற்படலாகாது. எந்தக் குடும்பமும் 30க்கு மேற்படலாகாது. ஒரு நோய் ஓர் இனத்தையே அழித்தாலும் பத்தில் ஒன்பது பங்கு நிழல் எஞ்சும் என்பதே இதன் கருத்து.

இனத்தைப் போலவே வயதும் கலந்திருக்க வேண்டும். 1983இல் ரிச்சர்ட்ஸ் என்பவர் சாலை மரங்களின் வயதுப் பங்கை ஆராய்ந்தார். அவர் கருத்தை ஒட்டி, இளமரம் 40, வளரும் மரம் 30, முதிர்ந்தது 20, முதுமரம் 10 என நூற்றின் பகுப்பு வழங்கலாயிற்று. ஒரு குடும்பத்தில் குழந்தையும் இளைஞரும் பெரியவரும் முதியவரும் இருப்பது போன்றது இது. எல்லாரும் ஒரே வயதினராக இருக்கும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் முதுமை வரும்.

1997இல் கிளார்க் முதலிய நால்வர் மேலும் விரிவான முறையை வகுத்தனர். மரங்களின் நிலை, மக்களின் ஒத்துழைப்பு, ஆட்சியின் மேலாண்மை ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மரம் செழித்திருந்தும் மக்கள் அதனை விரும்பாவிடில் நிலைக்காது. மக்கள் விரும்பியும் ஆட்சியிடம் கணக்கும் பணமும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாவிடில் நிலைக்காது. நட்ட கன்றின் எண்ணிக்கை இம்மூன்றில் ஒன்றன் ஒரு சிறு கூறே.

அளவுகோலில் சிங்கப்பூர்

இவ்வளவுகோல்களுள் மேலாண்மையில் சிங்கப்பூர் உயர்ந்து நிற்கிறது. பூங்காக்கள், மரங்கள் பற்றிய சட்டம் 1975இல் வந்தது. கட்டடம் எழுப்புவோரும் சாலை அமைப்போரும் மரத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது விதியாயிற்று. வாகனம் நிறுத்தும் இடங்களுக்கும் மரம் வந்தது. 1991இல் இரண்டு வட்டாரங்கள் மரக் காப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை, அது தனியார் நிலத்தில் நின்றாலும், ஒப்புதலின்றி வெட்டலாகாது. 2001இல் மரபுடைமை மரங்களைக் காக்கும் திட்டம் தொடங்கிற்று. பின்னர் லிம் சூ காங் சாலை, மண்டாய்ச் சாலை முதலிய ஐந்து சாலைகள், கிளைகள் கவிந்த தம் தோற்றத்துக்காகவே காப்புப் பெற்றன. 2018இல் தேசியப் பூங்காக் கழகம் 5 லட்சத்துக்கு மேற்பட்ட மரங்களை நிலப்படத்தில் குறித்து மக்கள் பார்வைக்கு வைத்தது. வீட்டு வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரை எந்த மாணவனும் தேடி அறியலாம். மறதியே முன்னர் பகையாக இருந்தமையால், இம்மரப் பதிவேடு வெறும் அலங்காரமன்று, அதுவே மருந்து.

பசுமைப் பரப்பும் ஒரு சான்று. 1986இல் தீவின் பரப்பில் நூற்றுக்கு 36 பங்கு பசுமை மூடியிருந்தது. 2007இல் அது 47 ஆயிற்று. இதே காலத்தில் மக்கள்தொகை ஏறத்தாழ 27 லட்சத்திலிருந்து 46 லட்சமாகப் பெருகிற்று. மக்கள் பெருகப் பசுமை குறையும் என்னும் பொதுவிதிக்கு இது மாறானது. ஆயினும் இவ்வெண்ணை நிதானத்தோடு படிக்க வேண்டும். புல்வெளியும் புதரும் தோட்டமும் காடும் இதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. வானிலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சையே. நூறாண்டு நின்ற காட்டு மரத்தையும் நேற்று விரித்த புல்லையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் இழப்பு தெரியாது. 2021இன் தொடக்கத்தில், கிராஞ்சியில் உயிரினங்களைப் பற்றிய ஆய்வு முடியும் முன்பே 4.5 ஹெக்டர் அளவு காட்டுநிலம் தவறுதலாக அழிக்கப்பட்டது வெளிப்பட்டது. மரத்தின் பெயர் தாங்கிய ஊரில், சட்டமும் பதிவேடும் நன்கு அமைந்த காலத்தில் இது நிகழ்ந்தது. விதி இருப்பது ஒன்று; கோடரி எழும் முன் அவ்விதியை நினைப்பவர் இருப்பது மற்றொன்று.

வயதின் அளவுகோலிலும் கருத வேண்டியது உண்டு. விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் மழைமரங்கள் குடைபிடித்து நிற்கும் காட்சியைப் புகழாத பயணி இல்லை. ஆனால் ஒரே காலத்தில் வரிசையாக நடப்பட்டவை ஒரே காலத்தில் முதுமை அடையும். அவற்றின் இடையே இன்றே இளமரங்களை வளர்த்து வருவதுதான் அக்காட்சியைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் வழி.

முதுமரத்தைப் பேணுவது உயிர்ப் பொறுப்பும் ஆகும். 2017 பிப்ரவரி 11ஆம் நாள், தாவரத் தோட்டத்தில் 270 ஆண்டுக்கு மேற்பட்ட தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. அதன் உயரம் 40 மீட்டர். ஒரு பெண்மணி உயிரிழந்தார், நால்வர் காயமுற்றனர். முந்திய செப்டம்பரில் நடந்த சோதனையில் அம்மரம் நலமாக இருந்ததாகவே தெரிந்தது. இச்செய்தி இரு தவறான முடிவுகளுக்கு இடம் தரும். முதுமரங்களையெல்லாம் வெட்டிவிடுவோம் என்பது ஒன்று. அது மழைக்கு அஞ்சிக் குளத்தைத் தூர்ப்பது போன்றது. சோதனையால் பயனில்லை என்பது மற்றொன்று. மண்ணுக்குள் நிகழும் வேரழிவைக் கண் அறிவதில்லை. எனவே சோதனை மேலும் கூர்மை பெற வேண்டும் என்பதே சரியான முடிவு. ஒலியலை செலுத்தி அடிமரத்தின் உட்பொந்தை அறியும் கருவிகள் இன்று பயன்படுகின்றன. ஆயினும் கருவியைப் பிடிப்பவரின் பயிற்சியே முதன்மையானது. விடியலில் சாலையோரம் பாரந்தூக்கி வண்டியின் கூண்டில் நின்று கிளை கழிக்கும் தொழிலாளருள் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் பலர். நகரின் நிழல் அவர்கள் கைத்திறத்தையும் நம்பியிருக்கிறது.

இனக் கலப்பில் நகரம் அங்சானாவின் பாடத்தை ஏற்றுக்கொண்டது. இன்று நடப்படும் இனங்கள் பல. இம்மண்ணுக்கே உரிய மரங்களுக்கும் இடம் தரப்படுகிறது. 2020இல் பத்தாண்டில் 10 லட்சம் மரம் நடும் இயக்கம் தொடங்கியபோது பொதுமக்களும் பள்ளிகளும் அதில் பங்கு கொண்டன. இந்த இயக்கத்தின் வெற்றியை அதன் பத்தாம் ஆண்டில் முழுதும் சொல்ல இயலாது. நாற்பதாம் ஆண்டில், எத்தனை இனங்கள் எஞ்சின, எத்தனை மரங்கள் மின்னலையும் வறட்சியையும் சாலை விரிவையும் கடந்து நின்றன என்று எண்ணும்போதே அது தெரியவரும்.

அடுத்த தலைமுறையின் பங்கு

சட்டம், பதிவேடு, ஆய்வு ஆகிய மூன்றிலும் முன்னேறிய நகரத்துக்கு இன்னும் வேண்டுவது நினைவு. ஃபுர்ட்டாடோவின் ஆராய்ச்சி நூலகத்தில் இருந்தும் ஊரின் நினைவில் இல்லாதபோது பழைய நோய் பழைய வழியே வந்தது. ஊர் நினைவை வளர்க்கும் இடம் பள்ளிக்கூடமே. தெம்பனிஸ் என்பது ஒரு மரம் என்றும், சாலையோர அங்சானா இலக்கிய வேங்கையின் உறவினம் என்றும், அது இரு முறை வீழ்ந்து எழுந்தது என்றும் அறிந்த மாணவன் மரத்தை வெறும் நிழலாகக் காணமாட்டான். அவன் வளர்ந்து நகரின் பொறியாளனாகவோ அதிகாரியாகவோ வரும் நாளில், ‘எத்தனை நட்டீர்கள்?’ என்று கேட்பதோடு நில்லான். ‘எவற்றைக் கலந்து நட்டீர்கள், அவற்றுக்குப் பின் எவை?’ என்றும் கேட்பான். அக்கேள்வி கேட்கப்படும் நகரில் மரங்கள் நிலைக்கும்.